நாப்பத்தெட்டாம் நம்பர் டோக்கன்

போன சனிக்கெழம எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலதானுங்க. ஊட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டு வரோணும்.

பழசுக்கு என்னாச்சுன்னு கேப்பீங்க. பழச நாந்தான் கொன்னேன்.

எனக்கு ராசிபுரத்துல லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில சேல்ஸ்மேன் வேல. வெள்ளிக்கெழம காலைல ஊட்டுக் கம்ப்யூட்டர் கொர்ருனு சத்தம் போட்டுச்சு. ஒம்பதாவது படிக்கற என் பொண்ணு யாழினி காத வெச்சுக் கேட்டுட்டு, "உள்ள தூசி அடச்சிருக்குதுங்ப்பா"ன்னா.

தூசிதானே! எங்க கடைக்குப் பக்கத்துலயே பஞ்சர் கடை. அங்க காத்தடிக்கற கம்ப்ரஸர் இருக்குது. சிபியுவத் தூக்கி வண்டியில வெச்சுட்டேன்.

பஞ்சர் கடை ரவிக்கு என்னை விட அறிவு ஜாஸ்தி. "அண்ணா, இது லாரி டயருக்கு அடிக்கற காத்துங்கண்ணா"ன்னு சொல்லிப் பாத்தான்.

"குடுறா ரவி, எனக்குத் தெரியும்"னு பைப்ப நானே வாங்கி அடிச்சேன்.

பத்து வருசத்துத் தூசி ஒரே நொடியில வெளிய வந்துச்சு. கம்ப்ரஸர்ல தேங்கி நின்ன தண்ணி பூராம் உள்ள போச்சு. கூடவே பச்சக் கலர்ல என்னமோ ஒண்ணு ரோட்டத் தாண்டிப் பறந்துச்சு.

ரவி ஓடிப்போயி பொறுக்கிட்டு வந்து கையில குடுத்தான். "இது முக்கியமானதுங்களாண்ணா?"

முக்கியமானதுதானுங்க.

ரிப்பேர் கடை முருகேசண்ணன் மூடியத் தொறந்து பாத்தாரு. டார்ச் அடிச்சுப் பாத்தாரு. அப்பறம் என் மூஞ்சிக்கு டார்ச் அடிச்சாரு.

"ஏனுங்க, இத கெணத்துல இருந்தா எடுத்தீங்க?"

இதுல சிரிப்புக்கு எடமே இல்லாத ஒரு விசயம் இருந்துச்சு. என் பொஞ்சாதி ஜோதி பி.காம். படிச்சவ. கல்யாணம் ஆயி பதினாறு வருசம் எங்களுக்கு ஆக்கிப் போட்டே காலம் போச்சு. இப்பத்தான் கோயமுத்தூர்ல ஒரு சேலை கம்பெனியில, ஊட்ல உக்காந்தே கஸ்டமர்கிட்ட பேசி ஆர்டர் எடுக்கற வேலைக்கு எழுதிப் போட்டிருந்தா. அம்பது எடத்துக்கு எழுதி, இன்டர்வியூக்குக் கூப்புட்டது இவங்க மட்டுந்தான். திங்கக்கெழம காலைல பதனோரு மணிக்கு, கம்ப்யூட்டர்லயே இன்டர்வியூ. போன்ல ஆகாது, டைப்பிங் டெஸ்ட் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க.

நான் போயி விசயத்தச் சொன்னேன். ஜோதி கத்தல. கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும்.

"ப்ரௌசிங் சென்டர்ல உக்காந்து பேசிரலாமா?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"ஊட்ல கம்ப்யூட்டர் இருக்குதா, தனி எடம் இருக்குதான்னு பாக்கறதுக்குத்தான் அந்த இன்டர்வியூவே"ன்னா. பீரோவத் தொறந்தா. சேலைக்கு அடியில வெச்சிருந்த கவர எடுத்துக் கையில வெச்சா. "எட்டாயிரம். இதுக்கு மேல இந்த ஊட்ல எங்க தேடுனாலும் கெடைக்காது. திங்கக்கெழம பதனோரு மணிக்கு அது ஓடோணும்."

சரின்னு சனிக்கெழம லீவு போட்டுட்டு சேலத்துக்கு பஸ் ஏறுனேன்.

மொதல்ல ஏசி போட்ட பெரிய கடை. வாசல்லயே ஒருத்தர் கும்பிட்டு, தண்ணியெல்லாம் குடுத்தாரு. "பட்ஜெட் எவ்வளவுங்க சார்?"

"எட்டாயிரம்."

குடுத்த தண்ணியத் திருப்பி வாங்கல. அது மட்டுந்தான் பாக்கி.

"அந்த வெலைக்கு எங்ககிட்ட கம்ப்யூட்டர் டேபிள் இருக்குதுங்க சார். நல்ல டேபிள்."

"மேல வெக்கறதுக்கு?"

"அதுக்கு இன்னும் கொஞ்சம் சேத்துட்டு வாங்க."

அடுத்த ரெண்டு கடையிலயும் இதே கததான். மூணாவது கடைப் படியில உக்காந்துகிட்டு, என் சேக்காளி குமரேசனுக்குப் போன் போட்டேன். மல்லசமுத்திரத்துக்காரன். போர்வெல் வண்டி, பழைய டிராக்டர், கறவ மாடு, எது வேணும்னாலும் எங்க கெடைக்கும்னு கரெக்டா சொல்லுவான். அவன் சொல்லி வாங்குன எதையும் யாரும் ரெண்டாந்தடவ அவன்கிட்ட வாங்குனதில்ல. அது எனக்கு அந்நேரத்துக்கு ஞாபகம் வல்ல.

"மாப்ள, நீ இப்ப எங்க நிக்கற? சேலத்துலயா? அட, உனக்கு நேரம் நல்லா இருக்குதுடா! அங்க ஒரு கிளினிக்க மூடறாங்க. டாக்டரு பையங்கூடப் போயி இருக்கப்போறாராம். ரிசப்சன் கம்ப்யூட்டரு சும்மா கெடக்குது. நான் சொன்னேன்னு சொல்லு."

போனேன். பாதி சேர காலி பண்ணியிருந்தாங்க. கணக்குப்பிள்ள மட்டும் உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தாரு. குமரேசன் சொன்னான்னு சொன்னேன். "யாருங்க அது?"ன்னாரு.

கம்ப்யூட்டரப் போட்டுக் காமிச்சாரு. எரிஞ்சுது. எனக்கு அதுக்கு மேல என்ன பாக்கோணும்னு தெரியல. இருந்தாலும் நாலு வார்த்த கேட்டாத்தானே மருவாத!

"ரேம் எவ்வளவுங்க?"

"நாலுங்க."

"ம்ம்... நாலா!" நாலு என்னன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. பேச்சு அதோட முடிஞ்சுது.

ஏழாயிரத்துக்கு முடிச்சேன். "ஸ்பீக்கரு இனாமுங்க"ன்னு சந்தோசமா சொன்னாரு. ரெண்டும் பெரிய ஸ்பீக்கருங்க. கோயில் திருவிழாவுக்கே போதும். இனாமுன்னதும் நான் கும்புடே போட்டேன்.

பஸ்ல மானிட்டர மடியில வெச்சேன். சிபியுவக் காலுக்கு நடுவுல வெச்சேன். ஸ்பீக்கருக்கு எடமில்லாம பக்கத்து சீட்ல வெச்சேன். கண்டக்டர் வந்து ஸ்பீக்கரையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாரு.

"இவங்க ரெண்டு பேரும் எங்க எறங்கறாங்க?"

ஆட்டையாம்பட்டியில ஏறுன ஒருத்தர் நின்னுகிட்டே மானிட்டர்ல தன் மூஞ்சியப் பாத்து தல சீவிக்கிட்டாரு. நானும் அசையாம புடிச்சுக் குடுத்தேன். எட்டாயிரத்துல ஆயிரத்த மிச்சம் புடிச்சவன் எதுக்குங்க கோவிச்சுக்கறான்!

ஊட்டுக்கு வந்து எல்லாத்தையும் மாட்டுனோம். பழைய கம்ப்யூட்டர்ல இருந்த கேமராவ யாழினி இதுல சொருகுனா. சுவிட்சப் போட்டோம். படம் பளிச்சுனு வந்துச்சு. ஜோதி மூஞ்சியில ரெண்டு நாளைக்கு அப்பறம் ஒரு சிரிப்பு எட்டிப் பாத்துச்சு.

"நல்லாத்தான் வாங்கிட்டு வந்திருக்கறீங்க"ன்னா.

பதினாறு வருசத்துல இது மூணாவது பாராட்டு. நான் மீசையத் தடவுறதுக்குள்ள யாழினி கூகுள்ல என்னமோ அடிச்சு என்டர் தட்டுனா.

டிங் டாங்!

"டோக்கன் எண்... நாற்பத்தி ஒன்று... மருத்துவர் அறைக்கு வரவும்."

ஒரு பொம்பளக் குரலு. ஊடே அதிருது! ஜோதி கையில இருந்த டீ டம்ளர் கீழ போயிருச்சு.

"யாருங்க அது?"

"எனக்குத் தெரியாது ஜோதி!" நான் எதுக்கு அவ்வளவு வேகமாச் சொன்னேன்னு எனக்கே தெரியல.

யாழினி இன்னொருக்கா என்டர் தட்டிப் பாத்தா.

டிங் டாங்! "டோக்கன் எண்... நாற்பத்தி இரண்டு... ரத்தப் பரிசோதனை அறைக்கு வரவும்."

விசயம் இதுதானுங்க. கிளினிக்ல நோயாளிகளக் கூப்புடறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டு வெச்சிருக்காங்க. என்டர் தட்டுனா அடுத்த ஆள். கிளினிக்க மூடிட்டுப் போனவங்க இத நிறுத்தாமயே குடுத்துட்டாங்க. அன்னிக்கு நாப்பது பேரப் பாத்திருக்காங்க. மிச்ச ஆளுங்கள எங்கூட்டுக்கு அனுப்பிட்டாங்க!

யாழினி அத அழிக்கப் பாத்தா. பாஸ்வேர்டு கேட்டுச்சு. நான் கணக்குப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"பாஸ்வேர்டு டாக்டருக்குத்தானுங்க தெரியும். அவரு ஏரோப்ளேன்ல போயிட்டிருக்காரு."

"எப்ப எறங்குவாரு?"

"எறங்குனாலும் அவருக்கு ஞாபகம் இருக்காதுங்க. அதனாலதானுங்க கிளினிக்க மூடுனோம்."

சரி, ஸ்பீக்கர் சத்தத்தக் கொறைக்கலாம்னு குமிழத் திருகுனேன். திரும்பல. நோயாளிகளோட வந்த கொழந்தைங்க திருகாம இருக்கறதுக்குப் பிசின் ஊத்தி ஒட்டி வெச்சிருக்காங்க. ஒயரக் கழட்டிட்டு இயர்போன் மாட்டலாம்னா, ஒயரையும் சேத்து ஒட்டியிருக்காங்க. கம்ப்யூட்டர்லயே சத்தத்த நிறுத்துனா டோக்கன் அம்மா வாய மூடிருவாங்க. கூடவே இன்டர்வியூ பண்றவங்களும் ஊமையாயிருவாங்க.

குமரேசனுக்குப் போன் போட்டுத் திட்டுனேன். அவன் பொறுமையாக் கேட்டுட்டு, "ஸ்பீக்கர் நல்லா வேல செய்யுதுல்ல மாப்ள?"ன்னான்.

ஞாயித்துக்கெழம முருகேசண்ணன் கடை லீவு. போன் போட்டா நாதஸ்வர சத்தந்தான் கேக்குது. "மச்சினன் கல்யாணத்துல இருக்கறனுங்க! திங்கக்கெழம மத்தியானம் வாரேன்!"

மத்தியானம் வந்து என்னத்தப் பண்றது!

நானே எதாச்சும் பண்ணிப் பாக்கறேன்னு உக்காந்தேன். கை தவறி என்டர் மேல பட்டுப் பட்டு நாப்பத்தேழு வரைக்கும் போயிருச்சு. கதவு தட்டற சத்தம் கேட்டுச்சு. தொறந்தா எதுத்தூட்டு சரசக்கா. மொழங்கால்ல தைலம் தடவிட்டு, கையில பழைய எக்ஸ்ரே கவரோட நிக்கறாங்க.

"ஏன் சாமி, ஊட்ல டாக்டர் வந்திருக்காங்களாமா? நேத்துல இருந்து கூப்புட்டுட்டே இருக்கறீங்க. எனக்கு என்ன நம்பரு?"

டாக்டரெல்லாம் இல்லீங்கக்கான்னு எவ்வளவோ சொன்னேன். நம்பல. "தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பாக்கறீங்களாக்கும்"னு கோவிச்சுட்டுப் போயிட்டாங்க. இன்னும் பேச மாட்டேங்கறாங்க.

கடைசியா ஒரு வழி தோணுச்சு. என்டர் தட்டுனாத்தானே கூப்புடுது? என்டரே இல்லைன்னா?

ஸ்பூன் காம்பு வெச்சு நெம்புனேன். டக்குனு வந்துருச்சு. என்டர் பட்டனச் சட்டப் பாக்கெட்ல போட்டுட்டு, "இனி எல்லாத்தையும் மவுஸ்லயே அமுக்கிக்க, ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னு ஜோதிகிட்ட சொன்னேன். அவ சாமி படத்தப் பாத்தா.

திங்கக்கெழம. பதனோரு மணி.

ஜோதி ராசிபுரம் பட்டுல ஒண்ணக் கட்டிக்கிட்டு, நிமுந்து உக்காந்திருந்தா. மேல மின்விசிறியக் கூட நிறுத்திட்டோம். என்னை கட்டில் ஓரத்துல உக்கார வெச்சு, "மூச்சு விடறதுன்னாலும் வெளிய போயி விடுங்க"ன்னுட்டா.

அந்தப் பக்கம் ஒரு மேடம். கண்ணாடி போட்டு, சிரிக்காத மூஞ்சி. கேள்வி மேல கேள்வி. கஸ்டமர் சேலைய மூணு நாள் கட்டிட்டுத் திருப்பி அனுப்புனா என்ன பண்ணுவீங்க? கலர் மாறி வந்துருச்சுன்னு கத்துனா என்ன சொல்லுவீங்க? ஜோதி ஒண்ணொண்ணுக்கும் தண்ணி பட்ட பாடாப் பதில் சொல்றா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. இவ இவ்வளவு பேசுவாளா? எங்கூட இருக்கறப்ப பாதியத்தான் பேசியிருக்கா போல!

"குட். இப்ப ஸ்கிரீன்ல வர்ற அட்ரஸ டைப் பண்ணி, ஒவ்வொரு லைனுக்கும் என்டர் குடுங்க"ன்னாங்க மேடம்.

என்டர்!

ஜோதி கீபோர்டப் பாத்தா. என்டர் இருந்த எடத்துல குழிதான் இருக்குது. என்னைப் பாத்தா. நான் பாக்கெட்டப் பாத்தேன்.

"மவுஸ்ல பண்ணிக்கலாங்களா மேடம்?"

"இல்லைங்க, அந்த டெஸ்ட் என்டர் குடுத்தாத்தான் நகரும்."

ஜோதி ஒரு நொடிதான் யோசிச்சா. கீபோர்டோட வலது மூலையில, நம்பரெல்லாம் இருக்கற பக்கம், இன்னொரு என்டர் இருந்துச்சு. பத்து வருசமாக் கம்ப்யூட்டர் வெச்சிருக்கறேன், கீபோர்டுல ரெண்டு என்டர் இருக்குதுன்னு அன்னிக்குத்தானுங்க எனக்குத் தெரியும். மொத லைன அடிச்சா. கண்ண மூடிட்டு அத அமுக்குனா.

டிங் டாங்!

"டோக்கன் எண்... நாற்பத்தி எட்டு... சிறுநீர் பரிசோதனை அறைக்கு வரவும்."

மேடம் அப்படியே நின்னுட்டாங்க. நெட்டு கட்டாயிருச்சோன்னு பாத்தேன். இல்ல, கண்ணு மட்டும் சிமிட்டுது.

ஜோதி அசரல. அதே மரியாதக் குரல்ல, "மன்னிச்சுக்கோங்க மேடம், அது உங்களுக்கில்லைங்க"ன்னா.

"நீங்க... ஆஸ்பத்திரியில இருந்து பேசறீங்களாம்மா?"

"இல்லைங்க மேடம், ஊட்ல இருந்துதான் பேசறேன். முதல்ல இதை முடிச்சுடறனுங்க, அப்பறம் சொல்றேன்." சொல்லிட்டு அடுத்த லைன அடிச்சா. நாப்பத்தொம்பது, ஸ்கேன் அறை. அதுக்கு அடுத்த லைன அடிச்சா. அம்பது, ஊசி போடும் அறை. கை நிக்கவே இல்ல. ஆறு லைனு, ஆறு நோயாளி. ஒரு தப்பில்லாம அடிச்சு முடிச்சுட்டா.

அப்பறம் மேடம் கேட்டாங்க, இவ சொன்னா. பஞ்சர் கடையில இருந்து ஆரம்பிச்சு, பச்சக் கலர் சாமான் ரோட்டத் தாண்டுனது, பாக்கெட்ல இருக்கற என்டர் வரைக்கும் ஒண்ணு விடல. சிரிக்காத மேடம் கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடச்சாங்க. பக்கத்து சேர்ல இருந்த ரெண்டு பேரையும், "இங்க வந்து இதக் கேளுங்க"ன்னு கூப்புட்டாங்க. மூணு மூஞ்சி ஸ்கிரீன்ல.

எனக்குப் பொறுக்கல. மானம் போறதப் பத்தி இல்லைங்க, அது வெள்ளிக்கெழமயே போயிருச்சு. வேல போயிருமேன்னுதான் பயம். இன்னொரு டோக்கன் வந்தா முடிஞ்சுது. ஸ்பீக்கர் ஒயரப் புடுங்கிரலாம்னு கேமராவுக்குத் தெரியாம தவந்துகிட்டே டேபிளுக்கு அடியில போனேன். ஸ்பீக்கர நிறுத்துனா மேடம் பேசறதும் கேக்காதுங்கற அறிவு அந்நேரம் எனக்கு இல்ல. அங்க நாலு ஒயரு. எல்லாமே கருப்பு.

ஒண்ணப் புடிச்சு இழுத்தேன்.

சத்தம் நின்னுச்சு. வெளிச்சமும் நின்னுச்சு. மேடம், ரெண்டு ஆளு, டோக்கன் அம்மா, எல்லாரும் ஒரே நேரத்துல போயிட்டாங்க.

டேபிளுக்கு அடியில இருந்து எனக்கு ஜோதியோட காலு மட்டுந்தான் தெரிஞ்சுது. அது அசையவே இல்ல.

"ஏனுங்க."

"ம்ம்."

"வெளிய வாங்க."

"நான் இங்கியே இருக்கறேன் ஜோதி."

திட்டுவான்னு காத்திருந்தேன். திட்டல. சேல முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடைச்ச மாதிரி தெரிஞ்சுது. அப்பத்தானுங்க எனக்கு ஒறச்சுது. பதினாறு வருசம் கழிச்சு இவளா தேடிப்போன ஒரு கதவு. அது இவ மொகத்துலயே அறஞ்ச மாதிரி சாத்திருச்சு. சாத்துனவன் டேபிளுக்கு அடியில உக்காந்திருக்கறேன்.

"ஜோதி, நான் வேணும்னா போன் போட்டு, தப்பு என்னோடதுன்னு சொல்றேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சேன். டேபிள்ல மண்ட இடிச்சுது. அந்நேரம் பாத்து ஜோதி போன் அடிச்சுது. மேடம்! ஸ்பீக்கர்ல போட்டா.

"என்னம்மா ஆச்சு? கரண்டு போயிருச்சா?"

"இல்லைங்க மேடம்." ஜோதிக்குப் பொய் வராது. "எங்கூட்டுக்காரரு ஒயரப் புடுங்கிட்டாருங்க."

மேடம் ஒவ்வொண்ணாக் கேட்டாங்க.

"காத்தடிச்சாரே, அவரா?"

"அவரேதானுங்க."

"கிளினிக் கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்ததும்..."

"எல்லாம் ஒரே ஆளுதானுங்க மேடம்."

மறுபடியும் சிரிப்புச் சத்தம். அப்பறம் மேடம் தொண்டையச் செருமிட்டுச் சொன்னாங்க: "ஜோதிம்மா, இந்த வேலையில சேந்தவங்க பாதிப்பேரு, கஸ்டமர் தொல்ல தாங்காம ஒரே மாசத்துல ஓடிருவாங்க. நீங்க இவர பதினாறு வருசமா வெச்சுச் சமாளிச்சிருக்கீங்க. எங்க கஸ்டமரெல்லாம் உங்களுக்கு எம்மாத்திரம்! ஒண்ணாந்தேதி சேந்துக்கோங்க. லேப்டாப் கம்பெனியில இருந்து வந்துரும்."

ஜோதி அப்படியே கட்டில்ல உக்காந்துட்டா. சிரிக்கறாளா அழுவறாளான்னு தெரியல. ரெண்டும் நடந்துச்சுன்னு நெனைக்கறேன்.

"பாத்தியா, என்னாலதான் வேல கெடச்சுது"ன்னு ஒரு வார்த்த சொல்லிப் பாத்தேன். அதுக்கு அவ பாத்த பார்வைக்கு நான் மறுபடியும் டேபிளுக்கு அடியிலயே போயிருப்பேன்.

நேத்து கூரியர்ல லேப்டாப் வந்துச்சு. நான் ஆசையா கத்தரிக்கோல எடுத்துட்டு அட்டப்பெட்டி பக்கத்துல போனேன். ஜோதி பெட்டிய நகத்தி வெச்சுட்டு, கையில ஒரு மஞ்சப்பையக் குடுத்தா.

"கடைக்குப் போயிட்டு வாங்க."

"என்ன வாங்கோணும்?"

"ஒண்ணும் வாங்க வேண்டாம். மெதுவா வாங்க."